விளக்குப் போடுமுன் எழுந்து போனவர்கள்

பசுவந்தனை,
25-3-1958, செவ்வாய்.

ஆவாரங்குளம் உபதேசியார் அருமைநாயகம் அவர்களுக்கு, டூரிங் டாக்கீஸ் அல்லாபிச்சை எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்க இன்றைக்கு மனம் வரவில்லை. நோன்பு வயிற்றோடு எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் பாதியைப் பசியின் தலையில் போட்டுவிடும். மூன்று மைல்தான், நடந்தே வந்திருக்கலாம். நேரில் வந்தால் வாய் தடித்துவிடும். கோவில்பட்டி பஸ்ஸில் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு போய்வருகிறவர்கள் நாம், அது கெட்டுப்போக வேண்டாம் என்றுதான் கடிதம்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் உம்முடைய வேதக்கோயிலில் என் கொட்டகைப் படத்தைப் பிரசங்கம் பண்ணினீராம். தம்பி கோபத்தில் மில் கணக்குப்பிள்ளையைத் தள்ளிவிட, அவர் செத்துப்போக, அண்ணன்காரன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு ஜெயிலுக்குப் போகிற கதை. நன்றாக உருக்கமாகச் சொன்னீர் என்று கேள்வி. எனக்குச் சந்தோஷம்தான். மாட்டுவண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு போகிற செலவு மிச்சம் என்று நினைத்தேன்.

அன்றைக்கு முதல் ஆட்டத்தில் கூட்டம் நெரிந்தது. கடைசியில் அண்ணனுக்குக் கல்யாணம் நடக்கிற இடம் வந்தது. மணல் தரையிலிருந்து ஒருத்தன் எழுந்தான். உம் கோயில் நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறானே, சீனி, அவன்தான். "ஏ பாய், செத்தவனுக்கு ஏம் வே கல்யாணம் பண்ணி வைக்கீரு?" என்றான். அவ்வளவுதான், கொட்டகை முழுக்க எழுந்துவிட்டது. "அண்ணன்காரன் தூக்குல தொங்கிட்டாம்னு உபதேசியார் சொன்னாரு. அவிய பொய் சொல்ல மாட்டாவ. நீருதான் ரீலை வெட்டிட்டு வேற படத்துக் கல்யாணத்தை ஒட்டிட்டீரு" என்கிறார்கள்.

பிலிம் அறுந்தால் ஒட்டுவேன். வெட்டுகிறவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. நேற்று கடைத்தெருவில் டீ ஆற்றுகிறவன்கூட, "பாய், தூக்கு ரீலை எங்க வச்சிருக்கீரு?" என்று கேட்கிறான். அந்த அண்ணன் சாகவில்லை, உபதேசியாரே. எந்தக் கொட்டகையில் அவனைத் தூக்கில் போட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
அல்லாபிச்சை.


ஆவாரங்குளம்,
27-3-1958.

அன்புள்ள அல்லாபிச்சை பாய் அவர்களுக்கு,

உங்களுக்குச் சமாதானம் உண்டாகட்டும். என் நிமித்தம் உங்களுக்கு அது இல்லாமல் போனது என்பதால் இதை எழுதவே கை கூசுகிறது.

உங்கள் கேள்விக்குப் பதில்: எந்தக் கொட்டகையிலும் இல்லை. நான்தான் அவனைத் தூக்கில் போட்டேன்.

எங்கள் சபையில் சினிமாவுக்குப் போகிறவனுக்கு நற்கருணை கிடையாது. அதிலும் இது லெந்து காலம், நாங்களும் உங்களைப் போல நோன்பிருக்கிற நாட்கள். அப்படியிருக்க ஒரு உபதேசியார் கொட்டகையில் காணப்படலாமா? ஆகையால் நான் எப்போதும் விளக்கை அணைத்த பிறகு உள்ளே வருவேன். முடிவில் விளக்குப் போடுவீர்களே, அதற்கு முன்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். அண்ணன் தூக்குமேடையின் படியில் கால் வைத்தது வரைக்கும் பார்த்தேன். படியில் ஏறினவன் செத்துத்தானே போவான் என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அதைத்தான் பிரசங்கம் பண்ணினேன்.

ஏன் சினிமாவைத் தொட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. ஒருவர் இன்னொருவருக்காகச் சாவது என்றால் என்ன என்று நானும் வருஷந்தோறும் லெந்தில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பருத்தி எடுத்துக் களைத்துப்போனவர்கள், பாவம், சுவரில் சாய்ந்து தூங்குவார்கள். உங்கள் கொட்டகையிலோ அந்த அண்ணன் கையை நீட்டி விலங்கை வாங்கிக்கொண்டபோது என்னைச் சுற்றி எத்தனை மூக்குறிஞ்சல். இருட்டில் ஆள் தெரியவில்லை, அழுகை கேட்டது. இந்தக் கண்ணீருக்கும் நான் சொல்கிற சுவிசேஷத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதானே இருக்கிறது, அதைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று நினைத்தேன். போன ஞாயிறு ஒருவரும் தூங்கவில்லை. வேப்பமரத்தடியில் ஆடுகளோடு நிற்கிற சீனியும் அவன் மனைவி ஆவுடைத்தாயும் ஜன்னலோரம் வந்து நின்று கேட்டார்கள். நான் இந்த ஊருக்கு வந்த நாளாக அப்படி ஒருவரும் வந்து நின்றதில்லை.

உங்கள் கடிதம் கண்டதும் ஆட்டுக்கிடைக்குப் போனேன். "சீனி, பாய் வெட்டவில்லை, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். அவன் சிரித்தான். "நீங்க பாய்க்காகச் சொல்லுதீய. படத்துல வார அண்ணன் மாதிரி அவிய பழிய நீங்க ஏத்துக்கிடுதீய" என்றான். இதற்கு மேல் நான் என்ன செய்வது?

ஒரு உதவி. அந்த அண்ணன் எப்படிப் பிழைத்தான் என்று எழுதுங்கள். வருகிற ஞாயிறு பிரசங்க மேடையிலேயே திருத்திவிடுகிறேன். இன்னொரு பயமும் உண்டு. நான் கொட்டகைக்கு வந்தது, இந்தப் பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் பாதிரியாரான சேகரத்து ஐயர் காதுக்குப் போனால் என்னை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஜன்னலோரம் இப்போதுதான் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். இந்த நேரத்தில் போக எனக்கு மனமில்லை.

தங்கள் அன்புள்ள,
அருமைநாயகம்.


பசுவந்தனை,
29-3-1958.

உபதேசியார் அவர்களுக்கு,

நோன்பு திறந்து கஞ்சி குடித்துவிட்டு எழுதுகிறேன், ஆகையால் பயப்படாமல் படியும். உம் கடிதத்தைப் படித்து, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அரைக்கிணறு தாண்டுகிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், இப்போதுதான் கடிதத்தில் பார்க்கிறேன்.

முடிவை நான் எழுதமாட்டேன். கொட்டகைக்காரன் முடிவைச் சொல்வதும் பலகாரக் கடைக்காரன் பட்சணத்தை எச்சில் பண்ணுவதும் ஒன்று. வந்து உட்கார்ந்து முழுக்கப் பாரும். டிக்கெட் வேண்டாம், நாற்காலி போடுகிறேன்.

உம் கடிதத்தால் எனக்கு ஒரு ரகசியம் துலங்கிற்று. என்னிடம் இருப்பது ஒற்றை மெஷின். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் அடுத்ததை மாட்டக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கடைசி ரீலை மாட்டுகிற இருட்டில் தினமும் ஒரு கூட்டம் எழுந்து போகும், ஆணும் பெண்ணுமாக, எல்லாம் தலையில் துண்டும் முக்காடுமாக. பஸ்ஸைப் பிடிக்கப் போகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உம் கடிதத்துக்குப் பிறகு வாசலில் ஒரு ஆளை நிறுத்தி வேவு பார்க்கச் சொன்னேன். எல்லாரும் ஆவாரங்குளத்துப் பாதையில் நடக்கிறார்கள். உம் ஊருக்கு ஏது ஓய் பஸ்? உம் சபையில் பாதிப்பேர் என் கொட்டகையில்தான் இருக்கிறார்கள். ஒருத்தருக்கும் முடிவு தெரியாது. அதனால்தான் நீர் தப்பாகச் சொன்னபோது ஒரு வாய்கூட அசையவில்லை. உம் ஊரில் முழுக்கப் பார்க்கிறவன் கிடைக்காரன் சீனி ஒருவன்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டு போகுமா?

நடுக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து, படம் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் முதல் நாளே வருகிறவர் உங்கள் சபை மூப்பர் சாமித்துரை, என் ஆள் அடையாளம் சொன்னான். துண்டில் சிவப்புக் கரை. நீர் இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறீராம்.

எங்கள் ஜமாத்திலும் என்னைப் பற்றிப் பேச்சு இல்லாமல் இல்லை. ரமலானில்கூடக் கொட்டகை நடத்துகிறானே என்று. பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டாமா என்று கேட்டேன்.

அல்லாபிச்சை.


ஆவாரங்குளம்,
1-4-1958.

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

பயந்தது நடந்துவிட்டது. ஐயரிடமிருந்து ஆள் வந்தது. நான் சினிமாவுக்குப் போவதாகவும், அதைப் பலிபீடத்துக்கு முன்னால் நின்று பேசியதாகவும் புகார். ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் சபையார் முன்னிலையில் விசாரணை. உண்மையானால் என்னை இந்த ஊரிலிருந்து எடுத்துவிடுவதாக ஐயர் சொல்லியனுப்பியிருக்கிறார்.

புகார் கொடுத்தவர் சாமித்துரை மூப்பர்.

இதைப் படித்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்யாதீர்கள் என்று கேட்கத்தான் இன்றே எழுதுகிறேன். சிவப்புக் கரைத் துண்டைப் பற்றி ஐயரிடம் வாய் திறக்காதீர்கள். மூப்பர் மகளைத் தெற்கே நாசரேத் ஊர்ப் பக்கம் பெரிய குடும்பத்தில் பேசியிருக்கிறார்கள். சினிமாக் கொட்டகை என்ற பேச்சு வந்தால் சம்பந்தம் நின்றுபோகும். என் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, கொட்டகைக்கு யார் யார் போகிறார்கள் என்று ஐயர் தோண்டிவிடுவாரோ என்று மனுஷர் நடுங்கிப்போய், முந்திக்கொண்டு என்னைக் காட்டிவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். நேற்று முழுவதும் கோபம்தான். என் மனைவி பாக்கியம் சோறு போட்டுவிட்டு, "சாப்பிடுதீயளா, இல்ல அவரைக் கடிச்சுத் தின்னுதீயளா?" என்று கேட்டாள்.

ஆனால் பாய், நான் அந்த அண்ணனைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு, இப்போது விரலை நீட்டி, "அவரும் வந்தார்" என்று சொன்னால், ஜன்னலோரம் நின்று கேட்டவன் என்னைப் பற்றி என்ன நினைப்பான்? நான் போனதை நான் ஒப்புக்கொள்வேன். மற்றவர்களைப் பற்றிக் கேட்டால் சொல்லமாட்டேன். அனுப்பினால் போகிறேன். பயம் இருக்கிறது, அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அருமைநாயகம்.


பசுவந்தனை,
2-4-1958.

ஓய் உபதேசியார்,

உமக்கென்ன பைத்தியமா? காட்டிக்கொடுத்தவன் கழுத்துக்கு நீர் மாலை போடுகிறீர். நான் நாளைக்கே வண்டி கட்டிக்கொண்டு போய் ஐயர் முன்னால் எல்லாத் துண்டையும் எண்ணி வைத்திருப்பேன். நீர் கேட்டுக்கொண்டுவிட்டீர், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். நோன்பில் வாயை அடக்கினால் நன்மை கூடுதலாம். உம்மால் எனக்குச் சொர்க்கத்தில் ஒரு வீடே கட்டியாகிவிட்டது.

ஒன்று செய்திருக்கிறேன். படப்பெட்டி சனிக்கிழமை மதுரைக்குத் திரும்ப வேண்டியது. தந்தி அடித்து இன்னும் சில நாள் வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார்கள். கூட்டம் ஒன்றும் பெரிதாக இல்லை. நீர் அந்த முடிவைப் பார்க்காமல் ஊரைவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அல்லாபிச்சை.


ஆவாரங்குளம்,
7-4-1958, ஈஸ்டர் திங்கள், காலை.

அன்புள்ள பாய்,

இதைச் சீனி கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் தானே கேட்டு வாங்கிக்கொண்டான்.

நேற்று விடியற்காலை ஆராதனையில் ஐயர்தான் பிரசங்கம். கல்லறை திறந்து கிடந்தது, அவர் அங்கே இல்லை, உயிரோடு எழுந்தார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே சீனி ஆவுடைத்தாயிடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அப்போ பாய் ரீலை வெட்டலட்டி. செத்தவரு எந்திரிச்சி வருவாருன்னுதான் இவியளும் சொல்லுதாவ" என்றான். ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். எனக்குத் தலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் மனதுக்குள் ஒரு சந்தோஷம். பெரிய வெள்ளியின் சாவோடு நான் நிறுத்திவிட்டேன், ஈஸ்டரை உங்கள் கொட்டகையிலிருந்து அவன் கொண்டுவந்துவிட்டான்.

ஆராதனை முடிந்தது. சபையார் கலையவில்லை. ஐயர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, "கொட்டகைக்குப் போனீரா?" என்றார். போனேன் என்றேன். "லெந்து நாளிலா?" ஆமாம் என்றேன். "வேறு யாரெல்லாம் வந்தார்கள்?" நான் போனதைத்தான் நான் சொல்ல முடியும் ஐயா, என்றேன். இரண்டாம் தடவையும் கேட்டார். அதையேதான் சொன்னேன்.  ஐயர் பேனாவைத் திறந்து, "இந்த மாதக் கடைசியோடு" என்று தொடங்கினார்.

சாமித்துரை மூப்பர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். சிவப்புக் கரைத் துண்டு. "ஐயா, எழுதாதீங்க. நானும் போனேன். அவிய ரெண்டு படம் பாத்திருப்பாவ. நான் ஒரு படம் விட்டதில்ல. என்னைக் காப்பாத்திக்கிடத்தான் அவியளைக் காட்டிக்கொடுத்தேன். இவரு வாயத் தொறந்து என் பேரைச் சொல்லியிருந்தா நான் மறுத்திருப்பேன். சொல்லாம நிக்காரே, எனக்குத் தாங்கல" என்றார். 

அதன்பின் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பாடல் நடத்துகிறவர், மணி அடிக்கிறவர், பெண்கள் பக்கத்தில் பருத்திக்காட்டுக்குப் போகிற அத்தனை பேரும். கடைசியாகப் பாக்கியம் எழுந்தாள். பாய், என் வீட்டுக்குள்ளேயே எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னாலேயே வந்து பெண்கள் பகுதியில் தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நான் வீடு சேருமுன் குறுக்குப் பாதையில் ஓடிவந்து அடுப்பு மூட்டியிருக்கிறாள்.

ஐயர் எழுந்து நின்றவர்களை எண்ணிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "உபதேசியாரை வேறு ஊருக்கு மாற்றலாம். சபை முழுவதையும் நான் எந்த ஊருக்கு மாற்றுவது?" என்றார். அதன்பின், "அந்த அண்ணன் எப்படித்தான் பிழைத்தான்?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. சீனி ஜன்னலில் தலையை நீட்டிச் சொல்ல வந்தான். ஐயர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

தீர்ப்பு இது. நான் இந்த ஊரிலேயே இருக்கலாம். ஜனங்களுக்குப் பழகின கதையிலிருந்து வேதத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவதை அவர் குற்றம் என்று சொல்லவில்லை. தெரியாத முடிவைத் தெரிந்ததுபோல மேடையில் சொன்னதுதான் குற்றம். ஆகையால் நான் படத்தை முழுக்கப் பார்த்து, வருகிற ஞாயிறு அதே மேடையில் திருத்திச் சொல்ல வேண்டும். நாசரேத்துச் சம்பந்த வீட்டாரிடம் தானே போய்ப் பேசுவதாக மூப்பரிடமும் சொன்னார். அவர் போனால் காரியம் கெடாது.

இன்று முதல் ஆட்டத்துக்கு வருகிறோம். நாற்காலி வேண்டாம். பாக்கியத்தோடு மணலில் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு அதுதான் பழக்கம்.

உம்முடைய,
அருமைநாயகம்.


பசுவந்தனை,
8-4-1958.

அருமைநாயகம் அவர்களுக்கு, உம் சிநேகிதன் அல்லாபிச்சை.

உம் கடிதத்தை நேற்றுக் காலையில் சீனி நீட்டினான். கூடவே ஒரு செம்பு ஆட்டுப்பால், நோன்பு திறக்க. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, செம்பை மட்டும் வைத்துவிட்டுப் போனான். எனக்கு அது போதும்.

கடிதத்தைப் படித்துவிட்டு மெஷின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, உடம்பு சிலிர்க்கவும் செய்தது. சாமித்துரை எழுந்தார், துண்டை வைத்தார் என்று நீர் எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். உடனே உமக்கு ஆள் அனுப்பிப் படத்தின் முடிவைச் சொல்லத் துடித்தது. சொன்னால் படம் கெட்டுப்போகுமே என்று சாயங்காலம் வரைக்கும் வாயைக் கட்டினேன். நேற்றைய நோன்பில் பசியைவிட அதுதான் கஷ்டம்.

நீங்களெல்லாம் திரையைப் பார்த்தீர்கள். நான் வாசலில் நின்று உங்களைப் பார்த்தேன். கடைசி ரீலை மாட்டுகிற இருட்டு வந்தது. உம் ஊர்க்காரர்கள் எழுந்து போகிற நேரம். பழக்க தோஷத்தில் ரெண்டு மூன்று பேர் எழுந்தே விட்டார்கள். பிறகு நினைவு வந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாக்கியம் அம்மாவும் பாதி எழுந்தார், நீர் கையைப் பிடித்து இழுத்தீர்.

தம்பிக்காரன் ஜெயில் வாசலுக்கு ஓடிவந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்க அண்ணன் இல்ல, நான்தான்" என்று கதறினான். நீர் சட்டென்று திரையை விட்டுவிட்டு மூப்பரைத் திரும்பிப் பார்த்தீர். மூப்பர் தோள் துண்டை எடுத்தார். தலையில்தான் போடப்போகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்தார். அப்புறம் கல்யாணம், மேளம், சுபம். சீனி யாரிடமோ, "பாத்தீயளா, ஒட்டு ஒண்ணுங் கிடையாது" என்று சாட்சி சொன்னான்.

வருகிற ஞாயிறு நீர் மேடையில் திருத்திச் சொல்லும்போது நானும் ஜன்னலோரம் வந்து நிற்பேன். சீனி இடம் விட்டால் சரி. நோன்புப் பெருநாள் கழிந்ததும் கொட்டகையைப் பிரித்துப் புதூருக்குக் கொண்டுபோகிறேன். பெருநாளன்று பாக்கியம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்குச் சாப்பிட வாரும், பிரியாணியும் முழுசாகத்தான் சாப்பிட வேண்டும், பாதியில் எழுந்திருக்கக் கூடாது.

இன்னொன்று சொல்லாமல் விட்டேன். சுபம் என்று எழுத்து விழுந்ததும் ஆபரேட்டர் விளக்கைப் போடத் தயங்கினான். உம் ஊர் ஆட்கள் இருக்கிறார்களே என்று என்னைப் பார்த்தான். நான்தான் போடச் சொன்னேன். போட்டான். ஒருத்தரும் ஓடவில்லை, ஒருத்தர் தலையிலும் துண்டு இல்லை. இத்தனை மாதம் டிக்கெட் கொடுத்திருக்கிறேன், உம் ஊர்க்காரர்களின் முகத்தை நேற்றுதான் பார்த்தேன்.

அல்லாபிச்சை.